ஒரு பிடி மல்லாட்டை போதும்

வேலூர்ப் பக்கம் வீட்டில் மல்லாட்டை (வேர்க்கடலை) அவிக்கும் நாளில், சின்னப் பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டு, எண்ணவிடாமல், "எத்தனை இருக்கும்?" என்று முதலில் கேளுங்கள், எந்த எண்ணைச் சொன்னாலும் தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் பிள்ளை வாயே திறக்காது. பிறகு ஐந்தைந்தாகக் கூறு வைத்து 5, 10, 15 என்று எண்ணட்டும். அடுத்த பிடிக்குச் சொல்லும் எண் இன்னும் கொஞ்சம் நெருங்கி வரும்.

உரிக்கும்போதும் விடாதீர்கள். ஒரு காய்க்குப் பெரும்பாலும் 2 பருப்பு, அப்போ 6 காய்க்கு? 2, 4, 6 என்று அதுவே போகும், நடுவில் ஒற்றைப் பருப்போ மூன்று பருப்போ வந்தால் ரொம்ப நல்லது, கணக்கு ஏன் தள்ளிப்போனது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். 4 வயதுக்குக் கீழே என்றால் பருப்பு தொண்டையில் அடைக்கும், புளியங்கொட்டையும் வேண்டாம், எலுமிச்சம்பழம் வைத்து விளையாடுங்கள்.