சுவரை நம்பாமல் வீட்டுக்குள் ஹேமக் கட்டுவது எப்படி?

80 கிலோ எடையுள்ள ஒருவர் ஹேமக்கில் (இரு முனையிலும் கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை) படுத்தால் ஒரு பக்கத்துக்கு 40 கிலோதான் இழுக்கும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். கயிறு நேர் செங்குத்தாகத் தொங்கினால் மட்டுமே அது சரி. தரைமட்டக் கோட்டிலிருந்து 30 பாகை சரிவில் கயிறு இருந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் 80 கிலோ இழுவிசை வரும். அதில் ஏறக்குறைய 69 கிலோ சுவரை அறைக்குள் இழுக்கும். துணி தொய்யக் கூடாது என்று இறுக்கிக் கட்டி, சரிவு 15 பாகையானால் இழுவிசை 155 கிலோ. 10 பாகையில் 230 கிலோ. தொப்பென்று உட்கார்ந்தால் அந்த நொடியில் இவை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கத்தான் சுவர் கட்டப்படுகிறது. பக்கவாட்டில் பிடித்து இழுத்தால் செங்கலையும் கலவையையும் சேர்த்து வைத்திருக்கும் பிடிப்பு எளிதில் விட்டுவிடும். செங்கல் தூணில் கட்டிய ஹேமக் தூணையே சாய்த்து, படுத்திருந்தவர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் உண்டு. கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவதைவிட இது பெரிய ஆபத்து.

உங்கள் சுவர் எந்த வகை என்று பாருங்கள். கதவு நிலையின் பக்கத்தில் கனத்தை அளந்தால், பூச்சோடு சேர்த்து 12 முதல் 15 செ.மீ. மட்டும் இருந்தால் அது அறை பிரிக்க எழுப்பிய அரைச்செங்கல் சுவராக இருக்கும். துளையிடும்போது வெள்ளை மாவு கொட்டி, டிரில் சட்டென்று வெற்றிடத்தில் பாய்ந்தால் ஜிப்சம் போர்டு. சாம்பல் தூள் வந்து பின் வெற்றிடம் வந்தால் ஹாலோ பிளாக். எதிர்ப்பே இல்லாமல் வெளிர் தூளாக உதிர்ந்தால் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல். மண் சுவர், உப்புப் பூத்த சுவர், விரிசல் விட்ட சுவர் ஆகியவற்றுக்குச் சோதனையே தேவையில்லை. இவை எதிலும் கொக்கி அடிக்காதீர்கள். நீளமான போல்ட், பெரிய பிளக், பசை என்று எதைப் போட்டாலும் பிடிமானம்தான் கூடும். சுவரின் பலம் கூடாது. போர்டு பிளக் அட்டையில் அச்சிட்ட கிலோ கணக்கையும் இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது அசையாமல் தொங்கும் படம், அலமாரி போன்றவற்றுக்கானது. ஆடும் பாரம் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திவிடும். ஜன்னல் கம்பி, கதவு நிலை, அலமாரி எல்லாமே இதே கதைதான்.

எதிரெதிரே இரண்டு உண்மையான கான்கிரீட் தூண்கள் சரியான இடைவெளியில் இருந்தால் அவற்றில் கட்டலாம். அப்படி அமைவது அபூர்வம். எனவே சுவரின் வேலையை ஒரு கம்பத்துக்குக் கொடுப்பதுதான் வழி. ஹேமக்கின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றன. அவற்றுக்கு நடுவே கிடையாக ஒரு கம்பம் இருந்தால் அந்த இழுப்பைத் தன் நீளவாக்கில் தாங்கிக்கொள்ளும். வெளியே போவது ஆளின் எடை மட்டும். அதுவும் நேராகக் கீழ்நோக்கி.

தேவையானவை (3 மீட்டர் நீளத் துணி ஹேமக்குக்கு): 3.2 மீட்டர் நீள ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒன்று, வெளி விட்டம் 42 மி.மீ., கனம் 3 மி.மீ.க்குக் குறையாமல். வீடுகளில் ஒன்றேகால் இஞ்சு பைப் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். 1.8 மீட்டர் நீளமும் 5 முதல் 6 செ.மீ. விட்டமும் உள்ள நேரான மரக்கழிகள் ஆறு. 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு 25 மீட்டர். 10 மி.மீ. போல்ட் இரண்டு, நட்டும் வாஷரும் சேர்த்து. கால்களுக்கு ரப்பர் புஷ் ஆறு. ஹேமக்கைக் கயிற்றோடு இணைக்க, தாங்கும் பாரம் அச்சிட்ட காரபைனர் (மூடிக்கொள்ளும் உலோக வளையம்) அல்லது திருகி மூடும் ஷேக்கிள் (U வடிவ இணைப்பு) இரண்டு. நைலான் கயிறு பாரம் ஏறினால் நீளும், ஈரத்தில் இன்னும் தளரும், அதனால்தான் பாலியெஸ்டர். முடிச்சு விழும் இடத்தில் கயிற்றின் பலம் பாதி அளவுக்குக்கூடக் குறையலாம். ஆகவே அறுபடும் பாரம் 800 கிலோவுக்குக் குறைந்த கயிறு வேண்டாம். சாவிக்கொத்துக் காரபைனரும் திறந்த வாய் கொக்கியும் கூடவே கூடாது.

பைப்பின் வெட்டு முனைகளில் பிசிறு இருக்கும். முதலில் அரத்தால் ராவுங்கள். இல்லாவிட்டால் அது கயிற்றை அறுக்கும். இரு முனையிலிருந்தும் 22 செ.மீ. உள்ளே தள்ளி ஊடுதுளை போட்டு போல்ட்டை மாட்டுங்கள். ஹேமக் கயிற்றின் வளையம் இந்தப் போல்ட்டுக்கு வெளிப்பக்கம் உட்கார வேண்டும். போல்ட் இல்லாவிட்டால் ஆள் படுத்ததும் வளையம் வழவழப்பான பைப்பில் நடுப்பக்கம் வழுக்கிவரும், துணி தரையைத் தொட்டுவிடும்.

அடுத்து, பைப்பின் இரு முனைகளையும் தாங்க இரண்டு முக்காலிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கழிகளை அருகருகே கிடத்தி, மேல் நுனியிலிருந்து 15 செ.மீ. கீழே கயிற்றை ஒரு கழிக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று பின்னியபடி ஆறு சுற்று சுற்றுங்கள். பிறகு கழிகளுக்கு இடையே, அந்தச் சுற்றுகளின் குறுக்கே, இரண்டிரண்டு இறுக்குச் சுற்று போட்டு முடியுங்கள். ஆறு சுற்றையும் முழு பலத்தோடு இறுக்கினால் கால்கள் விரியாது, முக்கி விரித்தால் கழி கீறும். கொஞ்சம் தளர்வாக விடுங்கள். நடுக் கழியை எதிர்ப்பக்கமாக விரிக்கும்போது கட்டு தானே இறுகும். பாதங்களுக்கு இடையே 1.4 மீட்டர் வைத்தால், கழிகள் மேலே குறுக்கிடும் கவையின் உயரமும் ஏறக்குறைய 1.4 மீட்டர் வரும். வழவழப்பான டைல்ஸ் தரையில் ரப்பர் புஷ் மட்டும் போதாது. மூன்று பாதங்களையும் சுற்றி ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். இதைத் தவிர்த்தால் கால்கள் மெல்ல மெல்ல அகன்று, சில நாளில் உயரம் குறைந்திருக்கும்.

ஒவ்வொரு முக்காலியிலும் ஒரு கால் வெளிப்பக்கம் நீட்டியிருந்தால் மொத்த நீளம் 4.5 மீட்டர் ஆகும். அவ்வளவு இடம் இல்லையென்றால் இரண்டு கால்களை வெளிப்பக்கம் திருப்புங்கள், 3.7 மீட்டர் போதும். உள்ளே வரும் ஒற்றைக் கால் கயிற்றைவிடச் செங்குத்தாக இறங்குவதால் துணியில் படாது. ஆனால் கீழே விழுந்தால் அதில் அடிபடலாம், அதன்மேல் ஒரு மெத்தென்ற உறை சுற்றிவிடுங்கள். அறையின் குறுக்குமூலையில் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

பைப்பை இரு கவைகளிலும் வைத்து, முக்காலித் தலையோடு சேர்த்துக் கட்டுங்கள். ஹேமக் வளையத்துக்கும் கவைக்கும் இடையே 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தூரம் கூடக் கூடப் பைப் வளையும்.

துணியின் இரு முனைகளுக்கும் இடையே அதன் நீளத்தில் 83 விழுக்காடு, அதாவது 3 மீட்டர் துணிக்கு 2.5 மீட்டர் இருக்கட்டும். சரிவை அளக்கக் கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலி போதும். அதுவும் இல்லையென்றால், கிடைமட்டமாக 17 செ.மீ. போகும்போது கயிறு 10 செ.மீ. இறங்கினால் 30 பாகை. ஆள் உட்கார்ந்த நிலையில் துணியின் அடி தரையிலிருந்து 45 செ.மீ. போதும். உயரமாகத் தொங்குவது படத்தில் அழகு, விழுந்தால் இடுப்பெலும்பு. நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது. இந்தத் தொய்வு அதற்காகத்தான். முனைகளில் கட்டை வைத்து விரித்த வகை ஹேமக் எளிதில் கவிழும், தட்டையாக இழுத்தும் கட்ட வேண்டும். வீட்டுக்குள் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சுவர்தான் பலவீனம், கூரையில் நல்ல கான்கிரீட் விட்டமோ கனத்த மர உத்தரமோ இருக்கிறது என்றால் முக்காலிகள் தேவையில்லை. அதே பைப்பை இரண்டு இடத்தில் செங்குத்தான கயிற்றால் தொங்கவிடலாம். படுத்திருக்கையில் ஒவ்வொரு கயிறும் தாங்குவது 40 கிலோதான், பைப்பின் எடை தனி. மர உத்தரத்தில் திருகாணி வேண்டாம், அகலப் பட்டையை உத்தரத்தைச் சுற்றிப் போடுங்கள். ஃபால்ஸ் சீலிங் சட்டமும் மின்விசிறிக் கொக்கியும் கணக்கில் சேராது.

முதலில் படுப்பது ஆளாக இருக்கக் கூடாது. துணி தாங்கும் எடையைப் பார்த்துவிட்டு, ஆளின் எடையைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள்: 80 கிலோவுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் ஆறு. பாதங்களைச் சுற்றித் தரையில் பென்சில் கோடு போட்டு, ஒரு மணி நேரம் விடுங்கள். கோட்டைவிட்டுப் பாதம் நகர்ந்திருந்தால் பாதக் கயிறு தளர்வு. பைப் உருண்டிருந்தால் தலைக்கட்டு தளர்வு. இறுக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். கயிறுகள் முதல் வாரத்தில் கொஞ்சம் தளரும். அதன்பின் மாதம் ஒருமுறை வளையம் பைப்பைத் தொடும் இடத்தைத் தடவிப் பாருங்கள், நூல் பிரிந்திருந்தால் மாற்றுங்கள். வேகமாக ஆடுவதற்கு இந்த அமைப்பு பொருந்தாது, பக்கவாட்டில் முக்காலி தூக்கும்.

கைக்குழந்தையை இதில் உறங்க விடாதீர்கள். விளையாடும் பிள்ளைகள் துணியை முறுக்கிக் கழுத்தில் சிக்கவைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், படுக்காத நேரத்தில் ஒரு முனையைக் கழற்றி, துணியைச் சுருட்டி மறுமுனையில் உயரமாகக் கட்டிவிடுங்கள்.