பெனடிக்டைன் மடத்துக்குப் போக நினைக்கும் திருகோணமலை ஆட்களுக்கு

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் சில்வெஸ்ட்ரின் பெனடிக்டைன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் இருக்கிறது. முதலில் போன் எடுத்துக் கேளுங்கள்: தங்க இடம் உண்டா, எந்த மொழியில் செபம், பெண்கள் வரலாமா என்று. கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள். இங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு பஸ், அப்புறம் ஆட்டோ. நம் ஊர் வெக்கைக்குப் பழகிய உடம்புக்கு இரவில் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய, இந்தத் துறவிகள் பின்பற்றும் ஒழுங்கு நூல் 73 அதிகாரம் கொண்டது, அதில் 53ஆவதை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள், வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது அது. உங்களை ஏன் அப்படிக் கவனிக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

செபத்துக்கு மணி அடித்தால் உடனே எழும்புங்கள். சங்கீதங்களை இரண்டு பக்கமாகப் பிரிந்து மாறி மாறிச் சொல்வார்கள், ஒரு பக்கம் முடித்து மூச்சு விட்ட பிறகுதான் மறுபக்கம் தொடங்கும், நம் பங்குக் கோவிலில் சொல்கிற வேகத்தில் நீங்கள் முந்திப் போய்விடாமல் குரலைத் தாழ்த்தி அவர்களோடு சேர்ந்து போங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் எழும்பும்போது எழும்பி, குனியும்போது குனிந்தால் போதும்.

சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் சாப்பிட வேண்டும் என்பது அந்த ஒழுங்கின் 38ஆம் அதிகாரம், எதாவது தேவையென்றால் சைகையால் கேட்கலாம். மடத்துக்கு மடம் வழக்கம் கொஞ்சம் மாறும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். இரவுச் செபம் முடிந்தபின் பேச்சு இல்லை, போனும் வேண்டாம்.

பகலில் தோட்ட வேலை, கூட்டிப் பெருக்குவது என்று ஏதாவது இருந்தால் நானும் வரட்டுமா பாதர் என்று கேளுங்கள். அங்கே வேலையும் வழிபாட்டைப் போலவே முக்கியம். கட்டணம் கேட்காவிட்டாலும் புறப்படும்போது உங்களால் முடிந்த காணிக்கையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.