நன்றியுணர்வைப் பழகுவது எப்படி? வாரம் கால் மணி நேரப் பயிற்சி

நன்றியுணர்வை வளர்த்துக்கொள்ள நோட்டு போட்டு எழுதத் தொடங்கும் பலர், சில நாள்களிலேயே அதை மூடிவைத்துவிடுகிறார்கள். முதல் நாள் “குடும்பம், ஆரோக்கியம், வேலை” என்று எழுதுவார்கள். மறுநாளும் அதே மூன்று. அதற்கடுத்த நாள் எழுதுபவருக்கே அலுத்துவிடும். தவறு அவர் மனத்தில் இல்லை, எழுதும் முறையில் இருக்கிறது. இருப்பதையெல்லாம் வரிசையாக எழுதுவது வெறும் கணக்கெடுப்பு. அது யாரால், எதனால் வந்தது என்று விசாரித்துக்கொண்டு போகும்போதுதான் நன்றி என்ற உணர்வே எழுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த விசாரணைக்கான பயிற்சிதான்.

தேவையானவை: ஒரு சாதாரண நோட்டு, பேனா, வாரத்தில் ஒரு நாள் கால் மணி நேரம். இதற்கென்றே அச்சிட்ட அலங்கார நோட்டு வேண்டாம். அதில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்ற தயக்கம் வந்து, எழுதவே மாட்டீர்கள்.

படி 1: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

தினமும் எழுதச் சொல்பவர்கள்தான் அதிகம். தொடங்குபவருக்கு வாரம் ஒரு முறை போதும் என்பது என் கருத்து. உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் ஆறு வாரச் சோதனை வருகிறது. வாரம் ஒரு முறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியிருந்தது. மூன்று முறை எழுதியவர்களிடம் அப்படிக் கூடவில்லை. தினமும் எழுதச் சொன்ன சோதனைகளிலும் பலன் கிடைத்திருக்கிறது என்பதால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சடங்காகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

படி 2: மூன்று நிகழ்வுகளை எழுதுங்கள்

இந்த வாரத்தில் நடந்த மூன்று நல்ல நிகழ்வுகள். சிறியவையே மேல். எழுதியது நிகழ்வுதானா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு: அந்த நேரத்தில் அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் அது படத்தில் விழுந்திருக்குமா? “நல்ல நண்பர்கள்” என்பது விழாது. “செவ்வாய்க்கிழமை மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும், என் அறிக்கையில் உள்ள எண்களைச் சரிபார்க்க அலுவலக நண்பர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்” என்பது விழும்.

ஒன்றுதான் நினைவுக்கு வருகிறதா? ஒன்றோடு நிறுத்துங்கள். எண்ணிக்கையை நிரப்ப எழுதும் வரிகள்தான் முதலில் சலிப்பைக் கொண்டுவருகின்றன.

படி 3: “எதனால் நடந்தது?”

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள்; பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் மூன்று நல்ல விஷயங்களை எழுதினார்கள். கூடவே, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதினார்கள். அதன் பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, யாரும் சொல்லாமலே தொடர்ந்து எழுதியவர்களுக்குப் பலன் அதிகம்.

நிகழ்வில் ஒரு மனிதர் இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு என்ன கிடைத்தது? அதற்காக அவர் எதை இழந்தார்? கட்டாயமா, மனமுவந்தா? அலுவலக நண்பரையே எடுத்துக்கொள்வோம். எனக்குக் கிடைத்தது பிழையில்லாத அறிக்கை. மறுநாள் கூட்டத்தில் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. அவர் இழந்தது வீட்டுக்குப் போகும் நேரத்தில் அரை மணி. நான் கேட்கவில்லை, அவருக்கு அது வேலையும் இல்லை. இந்த மூன்று வரிகளை எழுதி முடிப்பதற்குள் “நல்ல நண்பர்கள்” என்ற பொதுச்சொல் மறைந்து, களைத்த முகத்தோடு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் கண்ணுக்குத் தெரிவார்.

முகம் தெரியாதவர்களையும் தேடலாம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருகிறது என்றால், எங்கோ ஒருவர் இரவில் விழித்திருந்து மோட்டாரைக் கவனித்திருக்கிறார். இன்னொருவர் தண்ணீரைச் சோதித்திருக்கிறார். சில நேரம் “நானே உழைத்தேன், அதனால் நடந்தது” என்றுதான் விடை வரும். அதையும் எழுதுங்கள். பிறகு, அந்த உழைப்பைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று இன்னும் ஒரு வரி.

படி 4: கழித்துப் பாருங்கள்

நன்மை எதுவானாலும் நாளடைவில் மனம் பழகிவிடும். அது இருப்பதே தெரியாமல் போகும். அதற்கு மாற்று, மாதம் ஒரு முறை எதிர்த்திசையில் எழுதுவது. நீங்கள் மதிக்கும் ஒருவரை முதன்முதலில் எப்படிச் சந்தித்தீர்கள்? அந்த நாளில் அங்கே போகாமல் இருந்திருந்தால்? 2008இல் மின்கியுங் கூவும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். நல்லது எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட, அது எப்படி நடக்காமலே போயிருக்கலாம் என்று எழுதியவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. உடல்நலம், உயிர் தொடர்பான கற்பனைகளை இங்கே தவிர்த்துவிடுங்கள். கவலைப்படும் சுபாவம் உள்ளவர்களுக்கு அது வேறு பாதையில் போய் முடியும்.

படி 5: உரியவரிடம் சொல்லுங்கள்

நோட்டில் உள்ள ஒரு நன்றியையாவது மாதத்தில் ஒரு நாள் வெளியே கொண்டுவாருங்கள். கடிதம், குறுஞ்செய்தி, நேர்ப்பேச்சு, எதுவும் சரி. நான்கு வாக்கியம் போதும்: அவர் செய்தது, அவர் அதற்காகப் பட்ட சிரமம், உங்களுக்கு ஏற்பட்ட பயன், நன்றி.

“அண்ணா, வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதும் நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை. உங்கள் வேலையை ஓரமாக வைத்துவிட்டுத்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள் என்பது இப்போது புரிகிறது. இன்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் அதையே சொல்லித் தருகிறேன். மிக்க நன்றி, அண்ணா.”

“நீங்கள் இல்லையென்றால் நானே இல்லை” போன்ற வசனங்கள் வேண்டாம், பெறுபவர் நெளிவார். கடைசி வரியில் ஓர் உதவியையும் கேட்டுவைக்காதீர்கள், முழுக் கடிதமும் அதற்கான முன்னுரையாகிவிடும். அவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் இருந்தால், அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வு உதவும். கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்கு ஏற்படும் சங்கடத்தை மிகையாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். உரியவர் மறைந்துவிட்டாலும், தொடர்பில் இல்லாவிட்டாலும் எழுதலாம். அனுப்பாத கடிதமும் எழுதியவருக்குப் பயன்படுகிறது.

எப்போது நிறுத்த வேண்டும்?

இது ஒரு மருந்து அல்ல. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களிடம் இத்தகைய பயிற்சிகளின் பலன் சிறிய அளவிலேயே இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சொல்கிறது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் நோட்டை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உங்களைத் துன்புறுத்துபவரிடம் நல்லதைத் தேடி எழுதும் வேலையும் வேண்டாம். “கிடைத்ததற்கு நன்றியோடு இரு” என்று சொல்லி நியாயமான கூலியையோ ஓய்வையோ மறுப்பவர் கேட்பது பணிவு மட்டுமே. துக்கத்தில் இருப்பவரிடம் போய் இந்தப் பயிற்சியைச் சிபாரிசு செய்வதும் கூடாது. இது தானாக எடுத்துக்கொள்ள வேண்டியது, யாருக்கும் பரிமாறக் கூடாதது.

இடையில் சில வாரங்கள் விட்டுப்போனால், அவற்றை நினைவுபடுத்தி நிரப்ப முயல வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு, இந்த வாரத்து நிகழ்வு ஒன்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.