தோட்டத்து நாயின் பாதத்துக்கு: முள், சரளை, மார்கழிப் பனி

காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்தில் நாய் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் காடு) வெள்வேல முள், இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) கிளுவை முள், தடமெல்லாம் நெருஞ்சி. மார்கழி பிறந்தால் காலைப் பனியில் நனைந்த பாதம் மதியக் காற்றில் காய்ந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் முள் சுலபமாக ஏறிவிடும். அதனால் முள்ளையும் பனியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1. முடி, நகம்

விரலிடுக்கில் வளர்ந்த முடியைப் பாத மெத்தையின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலின் முனை மழுங்கியதாக இருக்கட்டும். நெருஞ்சி முதலில் சிக்குவது அந்த முடியில்தான். நடக்கும்போது சிமெண்ட் தரையில் டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது. வெள்ளை நகத்துக்குள் இளஞ்சிவப்பாக ரத்தக்குழாய் தெரியும், அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கறுப்பு நகம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள்.

2. காட்டிலிருந்து வந்ததும்

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் இடுக்குவரை துடையுங்கள். சோப்பு வேண்டாம். கோபி, பவானி மாதிரி வாய்க்கால் பாயும் ஊர்களில் வயல் சேற்றில் திரியும் நாய்க்கு விரலிடுக்கு சிவந்து நாற்றம் எடுக்கும். ஈரம் காயாமல் கிடப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

3. முள் தேடுவது

இதில்தான் பலரும் திணறுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

நாய் ஒரே காலை விடாமல் நக்கினால் அன்றைக்கே தேடுங்கள், நொண்டும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒருவர் தலையைத் தடவிக் கொடுக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். மெத்தை கறுப்பு, அதில் தைத்த முள்முனையும் கறுத்திருக்கும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பாதத்தின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கத்திலிருந்து அடியுங்கள். முனை துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு நிழல் விழும், அந்த நிழலைத் தேடுங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் பஞ்சு. மெத்தை மேலும் ஒவ்வொரு இடுக்கிலும் பஞ்சை மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு இழை சிக்கி நிற்கும்.

எடுப்பதற்கு, சந்தையில் விற்கும் பழைய மாதிரி முள்வாங்கியைத்தான் நான் சொல்வேன். புருவத்துக்கு வைத்திருக்கும் பிளக்கரின் வாய் அகலம், சின்ன முள் அதில் வழுக்கும். முள் எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதே சாய்வில் இழுங்கள். மேலே நெம்பினால் முறிந்துவிடும், உள்ளே நின்ற துண்டு சீழ் வைத்து விரலிடுக்கில் கட்டியாக வீங்கும். எடுத்த பிறகு போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, டீத்தண்ணி நிறத்தில் வைத்துக் கழுவுங்கள். முனையே தெரியாமல் வீங்கியிருந்தால் ஊசியால் குத்தித் தேட வேண்டாம், கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

4. வெடிப்புக்கு

ராத்திரி படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவினால் போதும். மார்கழியில் உறைந்திருக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் இளகிவிடும். வெடிப்பு ஆழமாக இருந்தால் தேன்மெழுகு கொஞ்சம் உருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறிய பிறகு தடவ வேண்டும். மெத்தை பஞ்சுபோல ஆகும்வரை ஊற வைக்காதீர்கள். சரளையில் ஓடுகிற நாய்க்கு அந்தத் தோல் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

5. ஷூ

தினமும் போட நான் சொல்ல மாட்டேன். ஆன்லைனில் வரும் ஷூக்களில் பாதி, பனிக்கட்டி உருக ரோட்டில் உப்புத் தூவும் நாடுகளை நினைத்துச் செய்தவை. நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும், மூடியே வைத்தால் நம் ஊரில் புழுங்கிப் புண்ணாகும். மெத்தையில் காயம் இருக்கும்போது மட்டும், நடக்கிற நேரத்துக்குப் போட்டுக் கழற்றுங்கள். அளவு எடுக்க நாய் எடை ஊன்றி நிற்கும்போது பாதத்தைக் காகிதத்தில் வரையுங்கள். முன்கால் பெரும்பாலும் பின்காலைவிட அகலம், இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது: எண்ணெயை நாய் உடனே நக்கிவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். சோறு வைப்பதற்குச் சற்று முன் தடவுங்கள், தின்று முடிப்பதற்குள் ஊறிவிடும். வயதான நாய் டைல்ஸில் வழுக்கும் என்றால் மிச்ச எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

இன்னொருவர் நாம் பூசும் வலி ஜெல்லைப் போடலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. அதிலுள்ள டைக்ளோஃபினாக் நக்கி வயிற்றுக்குள் போனால் நாய்க்குச் சிறுநீரகமும் குடலும் பாதிக்கும். துத்தநாகம் கலந்த களிம்புகளும் வேண்டாம். வலி அதிகம் என்று தோன்றினால் மருந்து கால்நடை மருத்துவர் எழுதித் தருவதாகத்தான் இருக்க வேண்டும்.