மாரிக்குப் பழைய சின்ன உழவு இயந்திரம்: வாங்கும்போதும் பூட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்த் தேர் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் கண் வானத்துக்குப் போய்விடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை இங்கே விழுகிறது. அதில் பெரும்பங்கை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டிவிடுகிறது. குடாநாட்டு வயல்கள் பெரும்பாலும் மானாவாரி என்பதால் புரட்டாதிக்குள் உழுது, புழுதியில் விதைத்து முடித்திருக்க வேண்டும். வாடகை இயந்திரம் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக் களைத்தவர்கள், ஜப்பானில் ஓடிவந்த பழைய குபோட்டாவோ யன்மாரோ ஒன்றை வாங்கிவிடலாம் என்று புறப்படுவதும் இந்த நாள்களில்தான்.

நல்ல எண்ணம் அது. இருபது, முப்பது குதிரைவலு இயந்திரம் நம் காணிகளுக்குப் போதும். ஆனால் கையிலுள்ள காசு முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, பின்னால் பூட்டும் கருவி, ரயர், பாரம், பாதுகாப்பு எல்லாவற்றையும் “பிறகு பார்ப்போம்” என்று தள்ளிவிடுகிறார்கள். மாரியில் இயந்திரம் கைவிடும்போது பெரும்பாலும் அந்தத் தள்ளிவைத்த இடத்தில்தான் கைவிடுகிறது. வாங்கும் காசில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி வைக்காதவர் இயந்திரத்தைப் பாதி விலைக்குத்தான் வாங்கியிருக்கிறார். மீதிப் பாதியை நடு மழைக்குள், அவசர விலையில் கொடுக்கப்போகிறார்.

பெரிதாக வாங்குவது

குதிரைவலு கூடக்கூட நல்லது என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக இருக்கிறது. பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். நம்மில் பலருடைய தோட்டத்துண்டு நாலு பரப்பு, ஆறு பரப்பு. அதற்குள் திரும்பவும் இடம் வேண்டும். காணிக்குப் போகும் ஒழுங்கையின் இருபுறமும் கதியால் வேலி, கடைசியில் ஒரு படலை. மண்ணைக் கிளறித் தூளாக்கும் ரொட்டவேற்றரை ஐந்தடி அகலத்தில் வாங்கி வந்து படலைக் கப்பைப் பிடுங்கியவர்கள் உண்டு. இயந்திரம் பார்க்கப் போகுமுன் ஒழுங்கையின் மிக ஒடுங்கிய இடத்தையும் படலையையும் நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பாரமும் இதே கணக்குத்தான். ஈரமான வலிகாமத்துச் செம்மண்ணில் பாரமான இயந்திரம் ஒருமுறை ஓடினால் சில்லுத்தடத்தின் கீழ் மண் இறுகிவிடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேர் விட வேண்டிய ஆழம் அது. சின்ன இயந்திரத்தை நாம் தேடுவதற்கு உண்மையான காரணம் விலையைவிட இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்பது

வாங்கப் போகிறவர்கள் ஸ்ரார்ட் செய்து, புகையைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். புதுப் பெயின்ரும் மணித்தியால மீற்றரில் உள்ள சின்ன எண்ணும் மனதை இளக்கிவிடுகின்றன. மீற்றரை மாற்றலாம், பெயின்ரை ஒரே நாளில் அடிக்கலாம். தேய்ந்த கிளச் பெடலையும், பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டின் பல்லையும் மறைப்பது கடினம்.

போனவுடன் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். இன்னொரு நாள், சொல்லாமல் வாருங்கள். கியர் ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கலப்பையையோ ரொட்டவேற்றரையோ பூட்டி முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். கருவி மெல்ல மெல்ல நிலத்துக்கு வந்துவிட்டால் ஹைட்ரோலிக் சீல்கள் களைத்துவிட்டன. எஞ்சின் நின்றிருக்கும்போதே பி.ரி.ஓ. தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங் போயிருக்கிறது.

நாலு சில்லும் இழுக்கும் இயந்திரத்தில் முன் ரயரின் அளவைப் பக்கவாட்டில் வாசித்துப் பார்க்க வேண்டும். முன்சில்லும் பின்சில்லும் கியரால் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கட்டப்பட்டவை. கையில் கிடைத்த வேறு அளவு ரயரை யாராவது முன்னுக்குப் போட்டிருந்தால், இழுவையைப் போட்டவுடன் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். முன் கியர்கள் சிதையும். சரியான ரயரே இருந்தாலும் தார் வீதியில் நாலு சில்லு இழுவையைப் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது. சகதியில் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். தாரில் அதற்கு இடமில்லை. ரயரின் பக்கத்திலுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். மாறிப் பூட்டிய ரயர் சேற்றை உதறாது.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் இயந்திரத்தில் பொறித்திருப்பதோடு ஒப்பிடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். லீசிங் பாக்கி இருக்கிறதா என்பதும் அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி.

பொருந்தாத ரொட்டவேற்றர்

அதிகம் காசு கரைவதும் அதிகம் இரத்தம் சிந்துவதும் இங்கேதான்.

ரொட்டவேற்றர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு அமைந்தது. ஜப்பானியச் சின்ன இயந்திரங்கள் பலவற்றில் பி.ரி.ஓ.வுக்கு மூன்று, நான்கு வேகங்கள் உண்டு. நெம்புகோலில் 1, 2, 3 என்று மட்டும் இருக்கும், மீதி ஜப்பானிய எழுத்து. மண் தூளாக வேண்டும் என்று உச்ச வேகத்தைப் போட்டால் கருவி தன் அளவுக்கு மேல் சுழன்று அதிரும், கியர் பொக்ஸ் கொதிக்கும். முதல் வேகத்தில் தொடங்குங்கள். இருபத்தைந்து குதிரைவலுவுக்கு நாலடி அகலம் அளவானது. அதற்கு மேல் போனால் ஈரமண்ணில் எஞ்சின் திணறும்.

பூட்டும் ஊசிகளையும் அளந்து பாருங்கள். இயந்திரத்தின் இரண்டு கீழ்க்கைகளிலும் கருவியை மாட்டும் ஊசி, முதலாம் வகைக் கருவியில் 22 மில்லிமீற்றர், அதைவிடப் பெரிய இரண்டாம் வகையில் 28 மில்லிமீற்றர். பெரிய துளைக்குள் சின்ன ஊசியைச் செருகி, இடைவெளிக்குக் கம்பி சுற்றி ஓட்டுவதை நான் வயல்களில் கண்டிருக்கிறேன். அதற்கென்று செய்த உருக்கு வளையம் கடையில் கிடைக்கும்போது இது தேவையே இல்லாத ஆபத்து.

பி.ரி.ஓ.வையும் கருவியையும் இணைக்கும் தண்டின் நீளத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய்கள்தான் அந்தத் தண்டு. கருவியைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் அது குறுகும், நீளும். குறுகிய நிலையில் முட்டினால் இயந்திரத்தின் பின்புறப் பெயரிங்கையே உடைத்துவிடும். நீண்ட நிலையில் மூன்றிலொரு பங்காவது உள்ளே இருக்காவிட்டால் ஓடும்போதே கழன்று சுழன்றடிக்கும். நீளம் கூடினால் உட்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்ரிக் உறை எல்லாவற்றையும் ஒரே அளவில் அறுத்து, பிசிறை அராவி, கிறீஸ் பூசி மாட்ட வேண்டும்.

அந்த பிளாஸ்ரிக் உறையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பழைய இயந்திரத்தோடு வரும் தண்டில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. உடைந்தது, கழற்றி எறிந்தார்கள், யாரும் திருப்பிப் போடவில்லை. 540 சுற்று என்றால் ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று. நம் ஆட்கள் சாரத்தோடுதான் வயலில் நிற்கிறார்கள். சாரத்தின் ஒரு தொங்கல் தண்டில் பட்டால், கையை எடுக்க நினைப்பதற்குள் துணியோடு ஆளையும் அது சுற்றி இழுத்துவிடும். புது உறையின் விலை ஒரு நாள் கூலிக்கு எவ்வளவு கிட்டவோ தூரமோ, அதை வாங்காமல் தண்டைச் சுழற்றாதீர்கள். சாரத்தை மடித்துக் கட்டுவதும் போதாது, காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கல். வலிகாமத்தின் பல இடங்களில் செம்மண்ணுக்கு ஒரு சாண் கீழேயே சுண்ணாம்புக்கல் தலைகாட்டும். பனை வேரும் சேர்ந்துகொள்ளும். கத்தி கல்லில் மோதும்போது உடைவதற்கென்றே தண்டில் ஒரு மென்மையான போல்ட் இருக்கிறது. அது இரண்டு முறை உடைந்ததும் பொறுமை இழந்து, உருக்குக் கடினமான போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். மறுமுறை கல்லில் மோதும்போது போல்ட் உடையாமல் நிற்கும், கியர் பொக்ஸ் உடையும். சரியான போல்ட்டுகள் ஒரு கை நிறைய கருவிப்பெட்டியில் இருக்கட்டும். போல்ட்டுக்குப் பதிலாக வழுக்குக் கிளச் உள்ள தண்டு என்றால், ஓராண்டு சும்மா கிடந்ததில் அதன் தட்டுகள் துருவேறி ஒட்டியிருக்கும். சுருள்வில்லின் நீளத்தை அளந்து குறித்து, நட்டைத் தளர்த்தி, சில நொடி வழுக்கவிட்டு, பழைய நீளத்துக்கே திரும்ப இறுக்குங்கள்.

வரம்பைக் கடக்க ரொட்டவேற்றரைத் தூக்கும்போது முன்சில்லு லேசாகிவிடுகிறதா என்று பாருங்கள். மொத்தப் பாரத்தில் ஐந்திலொரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்ரியரிங் பேச்சைக் கேட்காது. முன்பாரத் தகடுகளை மாட்ட வேண்டியதுதான்.

இரும்புச் சில்லு இனாமாகக் கிடைத்தால் பலர் மகிழ்ந்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இரணைமடுத் தண்ணீரில் சேறடிக்கும் கிளிநொச்சி வயலுக்கு அது அவசியம். புழுதி விதைப்புச் செய்யும் நமக்குப் பெரும்பாலும் தேவையில்லை. தேவை இருந்தாலும் வயல் வரம்பில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். அதோடு வீதியில் ஏறினால் தாரும் கெடும், அச்சும் கெடும்.

தண்ணீரை அலட்சியம் செய்வது

நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. குழாய் அடைபட்ட இயந்திரம் காலையில் நன்றாக ஓடி, வெயில் ஏற ஏறக் கொதிக்கும். மெக்கானிக் பம்பையும் கஸ்கெற்றையும் மாற்றிக்கொண்டிருப்பார். வாங்கியவுடன் ரேடியேற்றரைக் கழுவித் துப்புரவாக்கி, வடித்த நீரும் கூலன்ரும் கலந்து ஊற்றுங்கள். கிணற்றுவாளியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய்க்கு மூடி இல்லாமல் இயந்திரத்தை முற்றத்தில் விடுகிறார்கள். ஒரு இரவு மழை போதும், தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்க. மூடி கிடைக்கும்வரை ஒரு பால்மா ரின்னையாவது கவிழ்த்து வையுங்கள். மாலையில் டீசல் தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் வியர்க்க இடமிருக்காது. கொட்டிலின் தரை வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். 2008 கார்த்திகையில் நிஷாப் புயல் கொண்டுவந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு எந்த மட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

தீவகத்திலும் தொண்டைமானாற்றுப் பக்கமும் உவர்மண்ணில் ஓடிய இயந்திரத்தை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உவர்க்கிணற்று நீரில் கழுவினால் உப்புக்கு மேல் உப்பு.

பதம் பார்க்காமல் இறங்குவது

மழை விட்ட மறுநாள் காலையில் எல்லோருக்கும் அவசரம். செம்மண்ணை ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டையாகி, இடுப்பு உயரத்திலிருந்து போட்டாலும் உடையாமல் கிடந்தால் இன்னும் பதம் வரவில்லை. விழுந்து உதிர்ந்தால் இறங்கலாம். பதம் தவறிய ஈரத்தில் ரொட்டவேற்றர் மண்ணைக் கிளறாது, பூசி மெழுகும். காய்ந்ததும் அது ஓடாக இறுகிவிடும். வெயில் நன்றாக எறித்தால் பதம் ஓரிரு நாளில் வந்துவிடும். கிழமைக் கணக்கில் பொறுக்கச் சொல்லவில்லை.

நீண்ட காலம் யாரும் செய்யாமல் கிடந்த காணி என்றால் முதலில் நடந்து பாருங்கள். பற்றைக்குள் கட்டில்லாத பாழ்கிணறு இருக்கும். மீளக் கையளிக்கப்பட்ட காணி என்றால் கண்ணிவெடி அகற்றிய உறுதிப்படுத்தல் இல்லாமல் கத்தியை இறக்காதீர்கள்.

உயிரோடு விளையாடும் பழக்கங்கள்

சேற்றில் புதைந்தால் முன்னுக்கு உறுமி ஏற முயல்வது ஆபத்து. பின்சில்லு பிடித்துக்கொண்டு சுழல முடியாமல் போனால், சில்லைச் சுற்றி இயந்திரமே தூக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கவிழும். அது ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும், குதிக்க நேரமிருக்காது. பின்னுக்கு எடுக்கப் பாருங்கள், இல்லையேல் இன்னொரு இயந்திரத்தை அழையுங்கள். இழுக்கும் சங்கிலி எப்போதும் கீழ்க்கொளுக்கியில்தான் இருக்க வேண்டும், அச்சுக்கு மேலே அல்ல. ஜப்பானிலிருந்து வரும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் கவிழ்வுத் தடுப்புச் சட்டம் இருப்பதில்லை. நல்ல கராஜில் அளவுக்குரிய சட்டத்தை வாங்கிப் பூட்டி, இருக்கைப் பட்டியும் போடுங்கள். சட்டமும் பட்டியும் சேர்ந்தால்தான் காப்பாற்றும்.

இடது பிரேக், வலது பிரேக் என்று இரண்டு பெடல்கள் இருக்கும். வயலில் திரும்ப அவை தனித்தனியாக உதவும். வீதிக்கு ஏறுமுன் இரண்டையும் இணைக்கும் கொளுவியை மாட்டாவிட்டால், இழுவைப்பெட்டியில் பாரத்தோடு அவசரமாக மிதிக்கும்போது ஒரு சில்லு மட்டும் நின்று இயந்திரம் புரளும். பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளிதெறிப்பான்களும் விளக்கும் இல்லாமல் மாரி இருட்டில் கண்டி வீதியில் ஏறுவது, பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிருக்கு உலை.

கத்தியில் சுற்றிய கொடியை எடுக்க எஞ்சினை நிறுத்தி, சாவியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு சேற்றில் நிற்காதீர்கள்: 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் நம் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனது, சேற்றுத் தண்ணீரிலுள்ள அதன் கிருமி காலிலுள்ள சின்னக் கீறல் வழியாகவும் உடலுக்குள் போகும். மட்காட்டில் பிள்ளைகளை ஏற்றி உழும் வழக்கத்தை இந்த மாரியோடு நிறுத்திவிடுங்கள். அந்த இருப்பிடத்துக்கு நேர் பின்னால்தான் ரொட்டவேற்றர் சுழல்கிறது. பிள்ளைக்கு இயந்திரத்தில் ஏற ஆசை என்றால், உழவு முடிந்து, பி.ரி.ஓ. நின்று, சாவி உங்கள் கையில் இருக்கும்போது, நிற்கும் இயந்திரத்தின் இருக்கையில் உட்கார்த்திவையுங்கள்.