அழிகண்மாய்க்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறீர்களா?

செய்தித்தாளில்தான் அது ‘மீன்பிடித் திருவிழா’. பொன்னமராவதி, சிங்கம்புணரி சுற்றுவட்டாரத்தில் நாங்கள் ‘கண்மாய் அழியுது’ என்போம். அறுவடை முடிந்து, தண்ணீர் முழங்காலுக்கு வற்றிய பிறகு, மாசி தொடங்கி ஆனி வரை ஊர் ஊராக அழியும். விடிகாலையில் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை கரையில் முண்டியடித்து நின்ற சனம் ஒரே ஓட்டமாக இறங்கும். பிடித்தது பிடித்தவருக்கு.

என் ஐயா கையைப் பிடித்துக்கொண்டு நான் முதலில் இறங்கியது பத்து வயதில். இப்போது கோயம்புத்தூரில் வளர்கிற என் மகளை இரண்டு வருடமாகக் கூட்டிப் போகிறேன். அவளுக்கு ஒன்பது வயது. முதல் வருடம் நான் செய்யாத தப்பில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேதி தெரிவதுதான் முதல் சிக்கல். நாலைந்து நாளைக்கு முன்னால்தான் முடிவாகும். முன்பெல்லாம் தண்டோரா, இப்போது வாட்ஸாப். ஊரில் இருக்கிற சித்தப்பா ஒருவரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். ஆனால் எல்லாக் கண்மாயும் பொதுவில் அழிவதில்லை. மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, ஏலம் போன கண்மாய் என்றால் குத்தகைக்காரர் சொன்னால்தான் இறங்க முடியும். விசாரித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

அடுத்தது ஊத்தா. பார்க்காதவர்களுக்கு: மூங்கில் சிம்புகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய கூடை. அடி கிடையாது. கீழ்வாய் அகலம், மேல்வாய் ஓர் ஆள் கை தோள்வரை நுழைகிற அளவு. இப்போது இரும்புக் கம்பியில் வெல்டிங் வைத்தும் விற்கிறார்கள். பிள்ளைக்கு அது வேண்டாம், கனம். மீன் முட்டுவதும் அதில் மூங்கிலில் தெரிகிற மாதிரி கைக்குத் தெரிவதில்லை.

எங்கள் வீட்டு ஊத்தா ஐயா கட்டியது. கட்டியது என்றால், மேல்வளையம் மட்டும்தான் அவர் காலத்தது. சிம்புகள் வருடத்துக்கு இரண்டு மூன்று மாறி, இப்போது எது அவர் சீவியது என்று சொல்ல முடியாது. அப்பத்தா அதை அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டிருப்பாள். புகை பட்டால் உளுக்காது. கேஸ் அடுப்பு வந்த பிறகு இரண்டே வருடத்தில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டியது. இப்போது வெந்நீர் போடுகிற விறகடுப்புக்கு மேலே தொங்குகிறது. எடுத்துப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த மூங்கில் முதல் குத்திலேயே பிளந்துவிடும். அறுந்த கட்டுக்கயிற்றை மாற்றுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். என் மகள் பிளாஸ்டிக் வயரில் போட்ட முடிச்சு பார்க்கக் கண்றாவி, ஆனால் அவிழவில்லை. மேல்வளையத்தில் பளிச்சென்று ஒரு துணியும் கட்டிவிடுங்கள். சேற்றில் நூறு ஊத்தாவும் ஒரே நிறம்தான்.

காலுக்குச் செருப்பு உதவாது, சேறு உருவிக்கொள்ளும். வெறுங்காலோடு இறங்கினால் சீமைக்கருவேல முள்ளும் பாட்டில் சில்லும் காத்திருக்கும். பழைய பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூவை லேஸ் இறுக்கிக் கட்டி விடுங்கள்.

எங்கே இறங்குவது என்பதில் மட்டும் விளையாடாதீர்கள். மடைப் பக்கம் எப்போதும் ஆழம். அதைவிட மோசம், ஜேசிபி வைத்து மண் அள்ளிய குழி. முழங்கால் தண்ணீர் என்று நம்பி நடக்கும்போது ஓர் அடியில் கழுத்துக்கு வந்துவிடும். கலங்கிய பிறகு கண்ணுக்கும் தெரியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே கரையில் நடந்து, ஆடு மேய்க்கிறவரிடம் குழி எங்கே என்று கேட்டு வையுங்கள். துண்டு வீசியதும் ஓடாதீர்கள். முதல் கால்மணி நேரம் வாலிபப் பயல்களுடையது. அவர்கள் மிதித்துக் கலக்கி முடித்த பிறகு, கரையோரமாகப் பிள்ளையோடு இறங்கினால் போதும். கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது என்று ஆளை வைவோம் அல்லவா, இங்கே அதுதான் நியாயமான வழி. சேறு ஏறியதும் கெண்டை மூச்சுக்கு மேலே வந்து வாயைப் பிளக்கும். விரால் சேற்றோடு ஒட்டிக் கிடந்து, காற்றுக் குடிக்க மட்டும் ஒரு தடவை மேலே வந்து போகும்.

ஐயா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “ஊத்தாவ எறியாதடா, உக்கார வையி.” இரண்டு கையாலும் மேல்வளையத்தைப் பிடித்து, உங்கள் பாதத்திலிருந்து ஓர் அடி தள்ளி, நேராக அழுத்த வேண்டும். சிம்பின் நுனி கூர்மையாக இருக்கும், பக்கத்து ஆள் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தியதும் கையை விடக் கூடாது. வளையத்தில் கையை வைத்தபடி பத்து எண்ண வேண்டும். உள்ளே மீன் இருந்தால் முட்டும். கெண்டை படபடவென்று தட்டும். விரால் ஒரே ஒரு முட்டு, கனமாக, அப்புறம் செத்த மாதிரி கிடக்கும். எனக்குத் தெரியாத வயதில் ஐயா தன் கையை என் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டு, “இது தவளை, விடு” என்பார். எடுத்துப் பார்த்தால் தவளைதான்.

மகளோடு போன முதல் வருடம், அவள் ஊத்தாவில் அப்படி ஒரு கனமான முட்டு விழுந்தது. “அப்பா!” என்று கத்தினாள். எனக்குப் பதற்றம். மேல்வாயில் அவள் கை இருக்க, நான் அடியில் கை விடலாம் என்று விளிம்பை நாலு விரல்கடை தூக்கினேன். என் கெண்டைக்காலை உரசிக்கொண்டு விரால் போய்விட்டது. பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டு வரை அவள் என்னோடு பேசவில்லை.

மறுவருடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் தோள்வரை கையை விட்டு, கன்னத்தை வளையத்தில் வைத்து, ரொம்ப நேரம் துழாவினாள். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் குரவை. வயிற்றோடு அணைத்தபடி கரைக்கு ஓடினாள், சட்டை முழுக்கச் சேறு.

விராலையும் குரவையையும் தலைக்குப் பின்னால், செவுளோரம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. முதல் தடவை பிள்ளையைத் தொட விடாதீர்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைக்க வலி இறங்கும், பிறகு டி.டி. ஊசி. கைக்கு நீளமாக வழுவழுப்பாக ஏதாவது பட்டு, அது முடியவே இல்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர்ப்பாம்பு. விஷம் இல்லை, ஆனால் கடிக்கும். பேசாமல் ஊத்தாவைத் தூக்கிவிடுங்கள்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: “நேத்தே வந்து பிடிச்சிருக்கலாம்ல?” மழைக்குக் கண்மாய் நிறைந்ததும் ஊரே காசு போட்டுக் குஞ்சு விட்டது, இந்த நாள் வரை ஒருத்தரும் தூண்டில் போடவில்லை என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அழிகண்மாய் மீனை விற்றதில்லை. இறங்க முடியாத வீடுகளுக்கு, வயசானவர்களுக்கு, முதல் பங்கு போகும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

விராலைச் சாம்பல் தொட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசினால் செதில் போய்விடும். மண்வாடைக்குக் கல் உப்பும் புளித்தண்ணீரும். அயிரை கிடைத்தால் உயிரோடு தேங்காய்ப் பாலில் விடுங்கள், தின்ற மண்ணைக் கக்கிவிடும். குழம்பை அன்றைக்கே முழுக்கத் தீர்க்காதீர்கள், மறுநாள்தான் ருசி. மிச்சத்தை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியைச் சுற்றி மைதா பசை பூசி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். மேலே லக்கேஜில் வைத்து, திண்டுக்கல் தாண்டுவதற்குள் முன்சீட்டுக்காரர் தலையில் சொட்டவிட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.