கிக்பாக்ஸிங் எடைப்பிரிவுக்கான நாக்அவுட் அட்டவணையை விரிதாளில் தயாரிப்பது எப்படி?

வாகோ (உலகக் கிக்பாக்ஸிங் அமைப்பு) உலக சாம்பியன்ஷிப்பில் ஆடவருக்கான லோ-கிக் (தொடையிலும் உதைக்கலாம் என்னும் ஆட்ட வகை) -75 கிலோ (75 கிலோ வரை) பிரிவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கூகுள் ஷீட்ஸில் அட்டவணை தயாரிக்கும் முறையை விளக்குகிறேன். ஆயத்த அட்டவணைத் தளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றுள் சில, மூன்றாம் இடத்துக்கென ஓர் ஆட்டத்தைத் தாமாகவே சேர்த்துவிடும். வாகோவிலோ அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலம் உண்டு.

படி 1: பிரிவின் பெயர். தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே கட்டங்களை எளிய உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையெனில் -71, -75, -81 ஆகியவற்றை விரிதாள் எதிர்ம எண்களாக எடுத்துக்கொள்ளும். 91 கிலோவுக்கு மேற்பட்டோருக்கான +91 தன் குறியை இழந்து வெறும் 91 ஆகிவிடும். வரிசைப்படுத்தினால் -91 முதலிலும் -51 அதற்கு வெகு கீழேயும் போய் நிற்கும்.

படி 2: பெயர்ப் பட்டியல். எடை சரிபார்ப்பில் தேறியவர்களை மட்டும் எழுதுங்கள். 13 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: 'பை' ஒதுக்கீடு. எதிராளி இல்லாததால் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குச் செல்வதே 'பை'. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். 13 பேரை இருவர் இருவராகச் சேர்த்துக்கொண்டே போனால், முதல் சுற்றில் ஒருவர் மிஞ்சுவார். வெல்லும் 6 பேருடன் அவரும் சேர்ந்து 7 பேராகும்போது அடுத்த சுற்றிலும் ஒருவர் மிஞ்சுவார். இரண்டு முறையும் மிஞ்சுபவர் ஒருவரே எனில், அவர் ஒரு குத்துகூட வாங்காமல் அரையிறுதிக்குள் நுழைந்துவிடுவார். ஆகவே 2, 4, 8, 16, 32 என்னும் வரிசையில் 13-ஐ அடுத்து வரும் 16-ஐ எடுத்துக்கொண்டு 16 இடங்களை வரைந்து, மீதமுள்ள 3 இடங்களையும் முதல் சுற்றிலேயே 'பை' எனக் குறித்துவிட வேண்டும். அந்த மூன்றையும் அட்டவணையின் ஒரே கால்பகுதியில் அடுக்காமல், கால்பகுதிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால், 'பை' பெற்ற இருவர் காலிறுதியில் மோதிக்கொள்ளும் நிலை வராது. முதல் சுற்றில் 5 ஆட்டங்கள், பிறகு 4, 2, 1 என மொத்தம் 12 ஆட்டங்கள் வர வேண்டும். போட்டியாளர் எண்ணிக்கையைவிட ஆட்டங்கள் ஒன்று குறைவாக இல்லாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

படி 4: முடிவுகள். ஒவ்வோர் ஆட்டமும் 2 நிமிடங்கள் கொண்ட 3 சுற்றுகளாக நடைபெறும். நடுவர்கள் மூவரின் தீர்ப்பை 3-0 அல்லது 2-1 என எழுதுவது வழக்கம். இந்தக் கட்டங்களும் உரை வடிவத்தில் இருக்கட்டும். 2-1 என்பதை விரிதாள் தேதியாக மாற்றிவிடும்.

பின்சேர்க்கை: குலுக்கலுக்குப் பின் ஒருவர் விலகினால் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். அட்டவணையை மீண்டும் வரைய வேண்டாம். எதிராளியை முன்னேற்றி, 'வாக்ஓவர்' என்று குறித்தால் போதும். 5 பேர் மட்டுமே உள்ள பிரிவைப் பற்றியும் கேட்டனர். அதில் 8 இடங்கள், 3 'பை', முதல் சுற்றில் ஒரே ஓர் ஆட்டம். ஓர் அரையிறுதியில் 'பை' பெற்ற இருவரே மோதுவதால், அதில் தோற்பவர் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமலேயே வெண்கலம் பெறுவார். அது விதிப்படி சரியே. ஆயினும் அட்டவணையின் தலைப்பருகே போட்டியாளர் எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள்.